மழைக்கான் வேறு, கழிவுக்கான் வேறு

எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் எல்லாமே ஒன்றுக்குக் கீழே ஒன்று. உச்சியில் காட்டோரமாக ஊற்று, அதற்குக் கீழே குடிதண்ணீர்த் தொட்டி, அப்புறம் அண்மைக் காலத்தில் கட்டிய தனி வீடுகள். அதற்கும் கீழே வரிசை வீடுகளான பழைய லயம் இரண்டு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, மரக்கறிப் பாத்திகள், கடைசியில் ஓடை. ஓடை வழியே இறங்கினால் அடுத்த டிவிசன்காரர்கள் குளிக்கும் பீலி. அதையும் தாண்டிப் போகும் தண்ணீர் காசல்ரி நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அங்கே தேங்கும் கெஹெல்கமு ஓயா, கீழே போய் மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அந்தக் களனித் தண்ணீரை அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். மலையில் யார் வாளியைக் கவிழ்த்தாலும் கீழே ஒருவர் இருக்கிறார். கழிவுத் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் இந்த வரிசையைக் காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

நான் இங்கேயே பிறந்து, இங்குள்ள பாடசாலையிலேயே படிப்பிக்கிறவள். குடிநீர்ச் சங்கத்தின் செயலாளர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு கட்டி முடிந்த நாளிலிருந்து அதன் கணக்குக் கொப்பியும் மூடிகளின் சாவியும் என் பொறுப்பில் இருக்கின்றன. 38 குடும்பங்கள், ஏறக்குறைய 160 பேர் இதைப் பாவிக்கிறோம். வேறு தோட்டங்களிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் எவ்வளவு செலவு, எத்தனை குழி என்றுதான் கேட்கிறார்கள். மழைத் தண்ணீரை என்ன செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்களுக்கு அதிகத் தொல்லை தந்தது அதுதான். அதனால் இதை எழுதுகிறேன்.

முன்பு இருந்த நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லயத்துக்குப் பின்னால் ஒரே ஒரு கான், அதாவது வடிகால். வெள்ளைக்காரர் காலத்தில் மழைத் தண்ணீர் வடியவென்று கல் வைத்துக் கட்டியது. கக்கூஸ் குழிகளெல்லாம் வெகு காலம் கழித்து வந்தவை. குழி நிரம்பியதும் பக்கத்தில் ஒரு துண்டுக் குழாயைச் சொருகி அதே கானுக்கு விட்டுவிடுவார்கள். குளித்த தண்ணீர், சட்டி கழுவிய தண்ணீர், மாட்டுப்பட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேயேதான் விழும். மழைக்காலத்தில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும், நாங்களும் சுத்தமாகிவிட்டதென்று நினைப்போம். வெயில் காலத்தில் கான் கறுத்து நாறும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், பூச்சி, சில வருடங்களில் காமாலை. பிரதேச சபையில் போய் நின்றால் தோட்டக் காணிக்குச் செலவழிக்க முடியாது என்பார்கள். அது சாக்குப்போக்கு அல்ல, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் அவர்கள் கையைக் கட்டியிருந்தது. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது சபை நிதியைத் தோட்டங்களுக்கும் செலவிட முடியும். கடிதம் எழுதுகிறவர்கள் அந்தத் திருத்தத்தை முதல் பந்தியிலேயே குறிப்பிடுங்கள்.

முதலில் எங்களுக்குத் தரப்பட்ட திட்டம் வீட்டுக்கு ஒரு செப்டிக் டாங்கி, அதற்கடுத்து ஓர் உறிஞ்சு குழி. சமதரையில் அது நல்ல ஏற்பாடு. வவுனியாவில் என் உறவினர் வீட்டில் பல வருடமாக ஒழுங்காக வேலை செய்கிறது. இங்கே தனி வீட்டுக்காரர்களுக்கு இருப்பது 7 பேர்ச் (ஏறக்குறைய 1,900 சதுர அடி) காணி. அதிலும் பாதி மண்மேடு. லயத்துக்காரர்களுக்கோ காம்பராவுக்கு முன்னால் முற்றம், பின்னால் கான், அவ்வளவுதான்.

சரி, மண் குடிக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று சோதித்தோம். யாரும் செய்யக்கூடிய சோதனை இது. முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, முதல் நாள் மாலை தண்ணீர் ஊற்றி மண்ணை நன்றாக ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஓர் அடிமட்டத்தைக் குத்திவைத்து மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மேல் வீடுகளில் மண்ணுக்குக் கீழே உடனே பாறை. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானமும் ஏறக்குறைய அப்படியே நின்றது. கீழ் லயத்துப் பக்கம் ஊற்ற ஊற்ற இறங்கியது. எல்லாருக்கும் சந்தோசம். மேசன் பாஸ் மட்டும் பேசாமல் இறங்கி, குழிக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளியிருந்த மண்மேட்டில் கையை வைத்துப் பார்த்தார். புல்வேர்களுக்கிடையில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

“டீச்சர், இங்க ஊத்துனா அங்க வருது. மண்ணு குடிக்கல, வழி வுடுது” என்றார்.

அதோடு அந்தத் திட்டத்தைக் கைவிட்டோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மலை சரிந்ததை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அது மழையால் வந்த சரிவு, கக்கூஸ் குழியால் அல்ல. ஆனால் மழையிலேயே நனைந்து கனத்துக் கிடக்கும் சரிவுக்குள் நாமும் தினம் 10,000 லீற்றர் தண்ணீரை ஊற்றுவது எந்த விதத்திலும் சரியில்லை. சரிவில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரையே தண்ணீரை மண்ணுக்குள் தேங்கவிடாமல் வடியவிடு என்பதுதான். உறிஞ்சு குழி அதற்கு நேர்மாறாக வேலை செய்வது. உங்கள் மண் ஆழமாக இருந்து, சரிவும் குறைவாக இருந்தால் உறிஞ்சு குழி பொருந்தலாம். அப்போதும் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் 30 மீற்றராவது தள்ளி, அவற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும். மலையில் அந்த 30 மீற்றரைவிட முக்கியம் கீழ்ப்பக்கம் என்பது.

கடைசியில் எல்லா வீட்டுக் கழிவையும் குழாயில் சேர்த்து, லயத்துக்குக் கீழே ஒரே இடத்தில் சுத்திகரிப்பதென்று முடிவானது. அமைப்பு மூன்று பகுதி. முதலில் பெரிய செப்டிக் டாங்கி. கனமானது அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் அடுத்த பக்கம் போகும். அடுத்தது தடுப்புச் சுவர்கள் வைத்த அறைகள். தண்ணீர் ஒவ்வோர் அறையிலும் அடிக்கு இறங்கி, அங்கே படிந்துள்ள சேற்றுக்குள் புகுந்து மேலேறித்தான் அடுத்த அறைக்குப் போக முடியும். அந்தச் சேற்றிலுள்ள பக்டீரியாக்கள் காற்றில்லாமலே அழுக்கைத் தின்கின்றன. மூன்றாவது கல் பாத்தி. இரண்டு அடி ஆழத்துக்குச் சின்னச் சல்லியை நிரப்பி, அதில் கல்வாழை நட்டிருக்கிறோம். தண்ணீர் கல்லுக்குள்ளேயே மெதுவாக நகர்ந்து மறு முனையில் வெளிவருகிறது. கல்வாழை பார்க்க அழகு, அதன் வேர் கல்லை இறுகவிடாமல் வைத்திருக்கிறது, ஆனால் பெரிய வேலை கல்லின் மேல் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் பக்டீரியாவுடையது. ஆளுக்கு ஒரு சதுர மீற்றர் என்ற கணக்கில் 160 சதுர மீற்றர் பாத்தி தேவைப்பட்டது. மலையில் அவ்வளவு பெரிய சமதரை கிடையாது. அதனால் மூன்று படியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கல் அணை கட்டினோம். பாத்திகளின் அடியில் கொங்கிரீட் போட்டிருக்கிறது. அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அடியில் ஒழுகினால் மறுபடி உறிஞ்சு குழியைத்தான் கட்டியிருப்போம்.

குளிருக்கும் கணக்கு வைக்க வேண்டும். பக்டீரியாக்கள் சூட்டில் சுறுசுறுப்பு, குளிரில் மந்தம். தாழ்நிலத்தில் ஒரு நாள் தண்ணீர் நிற்கும் டாங்கி போதுமென்றால் நுவரெலியா மாவட்டத்துக்கு இரண்டு நாள் நிற்கிற அளவு கேளுங்கள். வடிவமைக்கிறவர் கொழும்பிலிருந்து வருகிறவராக இருந்தால் இதை வாய் திறந்து சொல்லுங்கள். தொடங்கும்போது பழைய குழியிலிருந்து சில வாளி சேற்றை எடுத்து அறைகளுக்குள் ஊற்றினோம், பாலுக்கு உறை ஊற்றுவது போல. அப்படியும் தண்ணீர் தெளியச் சில மாதங்கள் எடுத்தன. அந்த மாதங்களில் பொறுமை இழந்து மருந்து எதையும் கொட்டாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மோட்டார் வைத்துக் காற்று ஊதும் டாங்கி ஒன்றையும் ஒரு விற்பனையாளர் காட்டினார். இடம் குறைவாகப் பிடிக்கும், தண்ணீரும் தெளிவாக வரும், உண்மைதான். மின்சாரக் கட்டணத்தை மாதாமாதம் யார் கட்டுவது என்ற கேள்வியில் அது நின்றுவிட்டது. பிறகு 2022இல் நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல், டீசலும் இல்லாமல் நாடே திண்டாடியபோது எங்கள் பாத்தியில் தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சரிவு மலைக்காரருக்குக் கிடைத்த வரம். அதை விட்டுவிட்டு மோட்டாரை நம்ப வேண்டாம்.

இனி மழைக்கு வருகிறேன்.

கட்டி முடித்து வந்த முதல் தென்மேற்குப் பருவ மழையில், ஜூன் மாதக் காலை ஒன்றில் பாத்தியின் தலைப்பில் கறுப்புத் தண்ணீர் மேலாக ஓடியது. கல்லுக்குள் போக வேண்டிய தண்ணீர் கல்வாழை அடியில் குளமாக நின்றது. நாற்றம் பிள்ளைக் காம்பராவரை போனது. இது சரிவராத திட்டம் என்று பலரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மூடிகளைத் திறந்து பார்த்தபோது குழாய் நிறையத் தண்ணீர் பாய்ந்து வந்தது. அது மங்கல் நிறமாக இருந்தாலும் அதில் கழிவு வாடையே இல்லை. மழைத் தண்ணீர். குழாய் போட்ட ஒப்பந்தக்காரர் லயத்துக் கூரைப் பீலிகளையும் அதே குழாயில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரு குழாயில் இரண்டு வேலை முடிகிறதென்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். பன்னிரண்டு காம்பரா லயத்தின் தகரக் கூரை ஏறக்குறைய 120 அடி நீளம், 20 அடி அகலம், அதாவது 220 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் அதிகம். வானொலியில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை என்று சொல்கிறார்களே, அப்படி ஒரு நாள் பெய்தால் ஒரு கூரையிலிருந்து 22,000 லீற்றர். இரண்டு கூரைக்கு 44,000. எங்கள் எல்லார் வீட்டுக் கழிவும் சேர்ந்து நாளுக்கு 10,000தான். இரண்டு நாள் நிற்க வேண்டிய தண்ணீர் டாங்கியில் அரை நாள்கூட நிற்காது. படிந்த சேற்றைக் கிளப்பி, நல்ல பக்டீரியாவையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்ப் பாத்திக் கல்லுக்குள் அடைத்துவிடும். ஒருமுறை அடைத்த கல்லை அள்ளிக் கழுவித்தான் திருப்பிப் போட வேண்டும். தலைப்பில் மூன்றடி அகலத்துக்கு நாங்கள் அதைச் செய்தோம். டிவிசனே கூடி நாள் முழுக்கச் சிரமதானம். கல்லைக் கழுவிய தண்ணீரைக்கூட ஓடைக்கு விடாமல் டாங்கிக்கே திருப்பி ஊற்றினோம்.

பீலிகளைக் கழற்றினோம். அடுத்த பெரிய மழையில் மறுபடியும் தண்ணீர் கூடியது. மூடி மூடியாகத் திறந்துகொண்டே மேலே போனால் கீழ் லயத்தின் தொங்கல் வீட்டில் யாரோ பீலியைத் திரும்ப மாட்டியிருந்தார்கள். அந்த வீட்டுத் தாத்தா மறைக்கவே இல்லை.

“முத்தமெல்லாம் சேறு டீச்சர். பேரப்புள்ள வழுக்கி வுழுந்து கைய ஒடச்சிக்கிச்சி. அந்தத் தண்ணிய நான் எங்க வுடுறது?”

அவர் கேட்டது நியாயம். பழைய கானைக் கழிவு ஓடிய கான் என்று மண் போட்டு மூடிவிட்டார்கள். மழைத் தண்ணீர் போக வழி இல்லை. வழி இல்லாத தண்ணீரைப் பீலியிலிருந்து கழற்றச் சொன்னால் யார்தான் கேட்பார்? பிறகு சங்கத்தில் பேசி, பழைய கல் கானைத் தோண்டி எடுத்துத் துப்புரவாக்கி மழைக்கென்று மட்டும் வைத்தோம். பாத்திகளுக்கு மேல்பக்கம் குறுக்கே ஒரு வெட்டுக்கான் போட்டு, மேல் மலையிலிருந்து வரும் தண்ணீரை இரண்டு ஓரமாகப் பிரித்து ஓடைக்கு இறக்கினோம். தேயிலை மலையில் கான் வெட்டித் தேர்ந்த கைகள் எங்களிடம் நிறையவே உண்டு. இதற்கு எந்தப் பொறியியலாளரும் தேவைப்படவில்லை. செய்கிற வரிசைதான் முக்கியம்: மழைக்கானை முதலில் கட்டுங்கள், கழிவுக் குழாயைப் பிறகு போடுங்கள். மழைக்கு வழி இருந்தால் ஒருவரும் பீலியைக் குழாயில் மாட்டமாட்டார்கள். மூடிகளின் விளிம்பும் தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். தரையோடு தரையாக வைத்த மூடி வழியாக மழை உள்ளே போகிறது.

அதற்கடுத்த தொல்லை சமையலறை. தேங்காய்ப்பால், ரொட்டி மா, சோறு, மீன் செதில். எண்ணெய் குளிரில் உறைந்து குழாயின் உள்ளே வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வீடு ஒரு சின்ன எண்ணெய்ப் பெட்டி வைத்திருக்கிறோம். சீமெந்தில் கட்டிய இரண்டு தட்டுப் பெட்டிதான், மூடி கழற்றலாம். ஞாயிற்றுக்கிழமை மேலே மிதப்பதை அகப்பையால் வழித்து, சாம்பலோடு கலந்து மண்ணில் புதைக்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் எல்லா வீட்டிலும் பெண்கள். ஆறு நாள் மலையில் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இதையும் அவர்கள் தலையில் கட்டியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சங்கக் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி, இப்போது சில வீடுகளில் ஆண்கள் செய்கிறார்கள். அது போதாது.

அடைப்பு எடுக்கும்போது அதிகம் வந்தவை பேம்பர்ஸும் பெண்கள் பாவிக்கும் நாப்கினும். இதை ஆண்கள் கூட்டத்தில் பேச வெட்கப்பட்டார்கள், நான் பேசினேன். கக்கூஸில் போடாதே என்று சொன்னால் மட்டும் போதாது. எங்கே போடுவது? பொதுக் கக்கூஸ் பக்கத்தில் மூடி போட்ட வாளியும், லயத்துக்கு ஒன்றாக எரிக்கும் தகரப் பீப்பாயும் வைத்த பிறகு அடைப்பு வெகுவாகக் குறைந்தது. மாட்டுப்பட்டித் தண்ணீரை இதில் சேர்க்கவே விடவில்லை. ஒரு பசுவின் கழிவு பல மனிதரின் கழிவுக்குச் சமம், எங்கள் அமைப்பு அதைத் தாங்காது. சாணம் உரக் குழிக்குப் போகிறது. மலைக்கு மருந்தடிக்கும் டாங்கியையும் குளியலறையில் கழுவக் கூடாது. கல்வாழை கருகுவது ஒருபக்கம் இருக்க, கல்லிலுள்ள பக்டீரியாவும் செத்துவிடும். வாசனைக்காகப் பினோலை அளவில்லாமல் ஊற்றினாலும் அதே கதைதான்.

சேறு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதை மட்டும் நான் வேறு யாரிடமும் விடுவதில்லை. மூங்கில் கழி ஒன்று, டாங்கியின் ஆழத்தைவிட உயரமானது. அதன் கீழ்ப் பாதியில் பழைய வெள்ளை டவலைச் சுற்றி நூலால் இறுக்கக் கட்டியிருக்கிறோம். மூடியைத் திறந்து காற்று வெளியேறக் கொஞ்ச நேரம் விட்டு, கழியை நேராக அடிவரை இறக்கி, அசைக்காமல் சில நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பிறகு மெதுவாக மேலே எடுத்தால் டவலில் கோடு தெளிவாகத் தெரியும். அடியிலிருந்து ஓர் இடம்வரை கறுப்புச் சேற்றுத் துகள் அப்பியிருக்கும், அதற்கு மேலே வெறும் பழுப்பு ஈரம். அந்தக் கறுப்பின் உயரத்தை அளந்து கொப்பியில் திகதியோடு எழுதுகிறேன். டாங்கியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் சேற்றை உறிஞ்சி எடுக்கும் பௌசர் வண்டிக்குச் சொல்ல வேண்டும். கொப்பியில் எண்கள் வரிசையாக இருப்பதால் அடுத்த முறை எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது, காசும் சேர்த்துவைக்க முடிகிறது. கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எதற்காகவும் டாங்கிக்குள் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே சேர்ந்திருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குகிறவரும் அப்படியே விழுவார். தீப்பெட்டி, பீடி எதுவும் மூடிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பௌசர் விசயத்தில் மலைக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பௌசர் உறிஞ்சித்தான் சேற்றை மேலே எடுக்கிறது. காற்றின் அழுத்தம்தான் அதைத் தூக்கிவிடுவது. கடல் மட்டத்திலேயே எந்தப் பம்பியாலும் தண்ணீரை 10 மீற்றருக்கு மேல் உறிஞ்சித் தூக்க முடியாது. 4000 அடி உயரத்தில் காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, குழாயில் உராய்வு வேறு. ஐந்தாறு மீற்றருக்கு மேல் நம்பக் கூடாது. பாதை மேலே, டாங்கி பள்ளத்தில் என்றால் எவ்வளவு நீளக் குழாய் கொண்டுவந்தாலும் பிரயோசனமில்லை. எங்கள் டாங்கியின் இடத்தை முதலில் ஓடைக்குப் பக்கத்தில் குறித்திருந்தார்கள். மட்டம் பிடித்துப் பார்த்து, பாதையிலிருந்து நாலு மீற்றர் பள்ளத்துக்குள் வருகிற மாதிரி மேலே கொண்டுவந்தோம், பாத்திகள் மட்டும் கீழே போயின. பௌசர் நிற்கும் வளைவில் பாதை அதன் பாரத்தைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

2022இல் பௌசருக்கு டீசல் கிடைக்காத நேரத்தில், பாத்திக்குப் பக்கத்து மேட்டில் தகரக் கூரை போட்ட ஓர் உலர் தொட்டி கட்டினோம். பம்பியால் எடுத்த சேறு அதில் காய்ந்தது. காய்ந்த சேற்றை உடனே தோட்டத்தில் போடக் கூடாது. குடற்புழுவின் முட்டை குளிர்ப் பிரதேசத்தில் நெடுங்காலம் உயிரோடிருக்கும். எங்களைப் போன்ற இடத்தில் ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் மூடி வைத்த பிறகே அது பாதுகாப்பு. அதற்கப்புறமும் வாழைக்கும் மாட்டுப் புல்லுக்கும்தான் போடுகிறோம். கரட், லீக்ஸ், கோவா பக்கம் கொண்டுபோவதில்லை. பாத்தியிலிருந்து வெளிவரும் தண்ணீருக்கும் அதே விதிதான். அது கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் கிருமி முழுதாகப் போனது அல்ல. குடிக்கவோ குளிக்கவோ அதைத் தொடக்கூடாதென்று சிவப்புப் பலகை வைத்திருக்கிறோம்.

தண்ணீர் நன்றாக வருகிறதா என்று எப்படித் தெரியும்? உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுக்கு 2008ஆம் ஆண்டு வர்த்தமானி ஒரு வரையறை வைத்திருக்கிறது. அழுக்கின் அளவைக் காட்டும் பீ.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்குள்ளும், தண்ணீரில் கரையாமல் கலந்து நிற்கும் திண்மம் 50க்குள்ளும் இருக்க வேண்டும். ஆய்வுகூடச் சோதனைக்குப் பணம் போகிறது, அடிக்கடி முடியாது. இடைப்பட்ட காலத்தில் நாங்களே பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறோம். வெளிவாயில் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, பின்னால் பத்திரிகைத் தாளை வைத்து எழுத்தைப் படிப்பது. என் மாணவர்கள்தான் தூரத்தில் நின்று படிப்பார்கள், நான் போத்தலைத் தொட்டுப் பிடிப்பேன். எழுத்து மங்கினால் அந்த வாரம் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது. மூடிகளைத் திறக்கக் கிளம்பிவிடுவோம். நுளம்பு வராமலிருக்கப் பாத்தியில் தண்ணீர் மட்டம் கல்லின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழேயே நிற்க வேண்டும். வெளிவாயிலுள்ள முழங்கைக் குழாயைத் திருப்பி அதை ஏற்றி இறக்கலாம். கல்வாழையை வருடத்தில் இரண்டு தடவை அடியோடு வெட்டிக் கொண்டுபோய்விட வேண்டும். இலையை அங்கேயே அழுகவிட்டால் நீக்கிய அழுக்கைத் திரும்பப் போட்ட மாதிரி.

பணம் பற்றி. வீட்டுக்கு மாதம் 150 ரூபா என்று தொடங்கினோம், இப்போது கூடியிருக்கிறது. குடிதண்ணீர்ச் சந்தாவோடு சேர்த்தே வாங்குகிறோம். கழிவுக்கென்று தனியாகக் கேட்டால் தரமாட்டார்கள், தண்ணீருக்குத் தருவார்கள். அதில் ஒரு பகுதி பௌசருக்கென்று வங்கியில் தனிப் புத்தகத்தில் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்குக்கூட அதைத் தொடுவதில்லை. வாரம் இரண்டு தடவை மூடிகளையும் பாத்தியையும் பார்க்கிற அண்ணனுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். முதலில் முறை வைத்து வீட்டுக்கு வீடு செய்வதென்று முயன்றோம், நடக்கவில்லை. ஒருவருக்குக் காசு கொடுத்து, ஒருவர் பொறுப்பென்று வைத்தால்தான் நடக்கிறது. மலம் அள்ளுகிற வேலை என்று அவரை ஒருவரும் கேவலமாகப் பேசக் கூடாதென்று சங்க யாப்பிலேயே எழுதியிருக்கிறோம். இது எங்களுக்குச் சின்ன விசயமில்லை.

காணிக்கு எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். தோட்டக் காணி அரசுடையது, கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. தோட்ட மனேஜரான துரை வாயால் சரி என்பார், அவர் மாறிப்போய் அடுத்தவர் வந்தால் கதை மாறும். பாத்திக்கும் டாங்கிக்கும் பௌசர் வரும் பாதைக்கும் சேர்த்து ஒரே கடிதத்தில் அளவுப்படத்தோடு வாங்கி, பிரதேச செயலகத்திலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

இப்போது மேல்பக்கம் இன்னும் சில தனி வீடுகளுக்கு அத்திவாரம் போடுகிறார்கள். அவர்களின் கழிவையும் ஏற்பதா என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. ஏற்கத்தான் வேண்டும், ஏற்காவிட்டால் அது எங்கள் வீடுகள் பக்கமாகத்தான் இறங்கும். நாலாவது பாத்திக்கு இடம் பார்க்க அடுத்த வாரம் அளவு எடுக்க வர இருந்தவர்களிடம், இந்த மாசி வெயிலில் வர வேண்டாம், ஜூலையில் குடையோடு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அடைமழையில் மேலிருந்து கீழ்வரை நடந்து, தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முளைக்குச்சி அடித்து நுனியில் சிவப்புச் சீலை கட்ட வேண்டும். வெயில் வந்ததும் அந்தக் குச்சிகளைப் பார்த்து முதலில் மழைக்கானை வெட்டுவோம்.